பூட்டில்லாத டயல்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கேமரா திரும்பி வந்த அதே வாரத்தில், காட்டுயிர்ப் படங்கள் எடுக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், இந்த மாடலின் விலை நன்றாக இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். மெகாபிக்சல் எத்தனை, நொடிக்கு எத்தனை படங்கள் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸோடு இதை நான்கு ஆண்டுகள் தோளில் சுமந்தவன் என்ற முறையில், ஒரே ஒரு பாகத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். மேற்புறத்தில் வலது ஓரமாக இருக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயலுக்கு, அதாவது கேமரா தானே கணிக்கும் ஒளியளவை நாம் கூட்டவோ குறைக்கவோ உதவும் டயலுக்கு, பூட்டு இல்லை.

இது அற்பக் குறையாகத் தோன்றலாம். ஆனால் காட்டுயிர்ப் படங்களில் வேறெந்தப் பொத்தானையும் விட நான் அதிகம் நம்பியிருப்பது இந்த டயலைத்தான். கேமராவின் ஒளிமானி தன் முன் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயல்கிறது. சட்டகத்தை நிறைத்து நிற்கும் வெள்ளைக் கொக்கை அது மங்கலாக்கும். அப்போது டயலை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரட்டிப்பாகும் அளவுக்குக் கூட்ட வேண்டும். அதே கொக்கு இருண்ட புதருக்கு முன்னால் சிறியதாக நின்றால், ஒளிமானி புதரைக் கண்டு ஏமாந்து இறகுகளை வெளிறச் செய்யும். அப்போது குறைக்க வேண்டும். நிழலில் நிற்கும் யானை, வெளிறிய வானத்தின் பின்னணியில் உச்சிக் கிளையில் அமர்ந்த கரிச்சான் என ஒவ்வொன்றும் தனக்குரிய திருத்தத்தைக் கேட்கும். பறவை கொடுக்கும் அவகாசமோ சில நொடிகள்தான். அத்தனை அவசரத்திலும் விரல் தானாகப் போய் நிற்கும் டயல், நான் விட்ட இடத்திலேயே இருக்கிறது என்ற உறுதி எனக்கு வேண்டும்.

இந்த டயல் அந்த உறுதியைத் தருவதில்லை. பையிலிருந்து எடுக்கும்போதும், தோள்பட்டை வார் உரசும்போதும், முழங்காலிட்டு எழும்போதும் அது நகர்ந்துவிடுகிறது. மூன்று படிகள் நகர்ந்தால் ஒரு ஸ்டாப். படத்தில் ஒளி இரட்டிப்பாகிவிடும். ஒரு காலையில், ஆழமற்ற நீரில் கொக்குகள் இரை தேடுவதை ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்தேன். அன்று டயல் ஆறு படிகள் கூடுதலாக நகர்ந்திருந்தது. அதாவது தேவைப்பட்டதைப் போல நான்கு மடங்கு ஒளி. சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் மீட்டுவிடலாம் என்று நம்பி வீட்டில் திறந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தைத் தொட்டு நிரம்பிவிட்ட இடங்களில் மீட்பதற்கு ஒன்றுமே இல்லை. அந்த இறக்கைகளில் இறகின் ஒரு கோடுகூட இல்லை. அன்றைய வருத்தம் இன்றும் தீரவில்லை.

வியூஃபைண்டரில்தான் ஒளி மாறுவது தெரியுமே என்று கேட்பார்கள். இரண்டு ஸ்டாப் மாறினால் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் பளபளக்கும் நீரில் வெள்ளைப் பறவையின் கண்ணையே தேடிக்கொண்டிருந்த எனக்கு அன்று தெரியவில்லை. இரண்டு படிகள் மட்டும் நகர்ந்தால், பறவையோடு பின்னணியும் மாறிக்கொண்டேயிருக்கும் வேளையில் யாருக்கும் எளிதில் தெரியாது. மெல்லிய இறகுகளின் நுணுக்கத்தைக் கெடுக்க அந்த இரண்டு படிகளே போதும். பழுதுபார்த்தவர்கள் டயலின் ஸ்பிரிங்கை மாற்றி இறுக்கமாக்கித் தந்தார்கள். அந்த வேலையில் குறையில்லை. ஆனால் வடிவமைப்பே இப்படித்தான் என்பதால் நாளடைவில் மீண்டும் தளரும் என்று அவர்களே சொன்னார்கள். கறுப்பு ஒட்டு நாடா போட்டுப் பார்த்ததும் உண்டு. வெயிலில் பசை இளகி டயலின் பற்களுக்குள் இறங்கிவிட்டது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது முழு மேனுவல் முறை. ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கான உணர்திறன்) மூன்றையும் நானே நிலைநிறுத்திவிட்டால் இந்த டயல் எங்கே நகர்ந்தாலும் படத்தின் ஒளியளவு மாறாது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் இதில் இருக்கிறது. மரங்களின் இருளிலிருந்து வெளிவந்து வானத்தின் முன்னால் பறக்கும் பறவையின் மீது விழும் வெயில், வழி நெடுக ஒன்றேதான். மாறுவது பின்னணி மட்டுமே. தானியங்கி முறை அந்தப் பின்னணியைப் பார்த்துத் தடுமாறும், மேனுவல் தடுமாறாது. வெயில் சீராக இருக்கும் காலையில் ஷட்டர் 1/2000 நொடி, அபெர்ச்சர் எஃப் 6.3 என்று வைத்து, வெள்ளைப் பகுதிகள் ஒளியளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தை முட்டாதபடி ஐ.எஸ்.ஓ.வை ஒருமுறை சரிசெய்துகொண்டால் நெடுநேரம் கவலையில்லை. ஆனால் மேகங்கள் வந்து போகும் நாளிலும், நிமிடத்துக்கு நிமிடம் ஒளி மாறும் விடியலிலும் இது உதவாது. அப்போது ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவே தீர்மானிக்கும் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வுக்குத் திரும்புகிறேன், டயலும் உயிர் பெற்றுவிடுகிறது.

இத்தனை கோபத்துக்கும் நடுவில் இந்தக் கேமராவுக்கு நான் கடன்பட்டிருப்பது சட்டக அமைப்பில். முன்பு வைத்திருந்த கேமராவில் நடு ஃபோகஸ் புள்ளி மட்டுமே நம்பகமானது என்பதால், என் பழைய படங்களில் எல்லா விலங்குகளும் நட்டநடுவில் நிற்கின்றன. இதில் கண்ணைத் தொடரும் ஃபோகஸ் சட்டகத்தின் ஓரம்வரை வேலை செய்கிறது. மானை இடப்பக்கம் நிறுத்தி, அது பார்க்கும் திசையில் வெற்றிடம் விடுவதைப் பின்னால் வெட்டிச் சரிசெய்யாமல் எடுக்கும்போதே செய்ய முடிகிறது. 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மட்டுமே என்பதால், இது சிறிய லாபமல்ல.

மடங்கும் திரை இன்னொரு மகிழ்ச்சி. கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, உள்ளான் குருவியின் கண் மட்டத்திலிருந்து பார்த்தால், அதன் காலடிச் சேறு பின்னணியாவது நின்று, தொலைவில் இருக்கும் எதிர்க்கரை பின்னணியாகிறது. 600 மி.மீ.இல் அந்தக் கரை முழுவதும் மென்மையாகக் கரைந்துவிடும். நின்றுகொண்டு எடுத்த என் பழைய படங்களை இப்போது என்னால் விரும்ப முடியவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஸ்பாட் முறையில், அதாவது ஒரு சிறு புள்ளியில் மட்டும், ஒளியை அளப்பவர்கள் விலங்கை ஓரத்தில் வைக்கும்போது, அளக்கும் புள்ளி ஃபோகஸ் புள்ளியோடு சேர்ந்து நகரும்படி மெனுவில் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் வெறும் புல்லைத்தான் அது அளக்கும்.

லென்ஸின் எடை, கீழ்நோக்கிப் பிடித்தால் தானே நீளும் ஜூம் குழாய் போன்றவை பழகிவிட்டன. டயல் மட்டும் பழகவில்லை. விலை இன்னும் இறங்கினாலும் வாங்க வேண்டாம், பூட்டுள்ள டயலோடு வரும் வேறொன்றைப் பாருங்கள் என்று நண்பருக்கு எழுதினேன். அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.