ஹீல்பை: கணக்கில் புலி, தவறைச் சொல்வதில் ஊமை

அண்ட நுண்ணலைப் பின்னணி (பெருவெடிப்பின் மிச்ச ஒளி) வரைபடங்களைப் பைத்தானில் அலச ஹீல்பை என்ற நிரல் நூலகத்தைத் தவிர்க்க முடியாது. இலவசம். உள்ளே ஓடுவது, வானக் கோளத்தைச் சம பரப்புள்ள பிக்சல்களாகப் பிரிக்கும் ஹீல்பிக்ஸின் சி பிளஸ் பிளஸ் நிரல், அதனால் வேகமும் உண்டு. விண்டோஸில் நேரடியாக ஓடாது, அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல் வேண்டும். காண்டா-ஃபோர்ஜ் என்ற நிரல் களஞ்சியம் வழியாக நிறுவினால் தலைவலி குறைவு.

பிளாங்க் விண்கலத்தின் முன்புலக் கதிர்வீச்சை நீக்கிய ஸ்மிக்கா வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். பிக்சல் நுணுக்கத்தைக் குறிக்கும் என்சைட் 2048, அதாவது 12 × 2048² = 5,03,31,648 பிக்சல்கள். வெப்பநிலை மட்டும் 32 பிட்டில் சுமார் 200 எம்.பி. பழைய பதிப்புகளில் கோப்பை வாசிக்கும் ரீட்_மேப் கேட்காமலே 64 பிட்டாக்கி இதை இரட்டிப்பாக்கிவிடும்.

கோப்பில் பிக்சல்கள் நெஸ்டட் வரிசையில் (பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டமாக) இருக்கும். ரீட்_மேப் அதை ரிங் வரிசைக்கு (அட்சரேகை வளையங்களாக) மாற்றித் தரும். ஆஸ்ட்ரோபை என்ற பொது வானியல் நூலகத்தில் திறந்தால் மாற்றாது. அதை அப்படியே, திறன் நிறமாலையை (எந்தக் கோண அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதை) கணக்கிடும் அனாஃபாஸ்ட்டுக்குக் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, குப்பையான நிறமாலைதான் வரும். ஹீல்பையின் பெரிய குறையே இந்த மௌனம்தான். வரைபடத்தை மழுக்கும் ஸ்மூத்திங்கில் கற்றை அகலம் (தொலைநோக்கியின் மங்கல் அளவு) ரேடியனில் போக வேண்டும். 5 ஆர்க்நிமிடத்துக்கு வெறும் 5 என்று போட்டால் வானம் முழுக்க ஒரே சாந்தாகிவிடும், அதையும் சத்தமில்லாமல் செய்து கொடுக்கும்.

அனாஃபாஸ்ட்டில் எல்மேக்ஸ் (எல் என்ற பல்முனை எண்ணின் உச்சவரம்பு; எல் கூடக் கூடக் கோணம் சிறுக்கும்) கொடுக்காவிட்டால் 3 × என்சைட் − 1, அதாவது 6143 வரை கணக்கிடும். 2500 போதும், நேரம் மிச்சம். வரைபடம் கெல்வினில் இருப்பதால் விடையை 10¹² ஆல் பெருக்கினால்தான் மைக்ரோகெல்வின் வர்க்கம் கிடைக்கும். பிறகு எல்(எல்+1)/2π ஆல் பெருக்கிப் பாருங்கள்: எல் 220 அருகே முதல் முகடு சுமார் 5,700-இல் நிற்க வேண்டும். அங்கே சரியாக வந்து வலப்பக்கம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சரிந்தால் கற்றையை வகுக்க மறந்திருக்கிறீர்கள். 5 ஆர்க்நிமிடக் கற்றையால் எல் 2000-இல் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பிக்சல் சாளரத்தையும் (பிக்சல் அளவால் வரும் மங்கல்) பிக்ஸ்வின் கொண்டு எடுத்து, வர்க்கமாக்கி வகுக்க வேண்டும்.

பால்வீதியை முகமூடியிட்டு மறைத்தபின் மிஞ்சிய வானப் பங்கால் வகுப்பது முதல் பார்வைக்குப் போதும். விளிம்பு கூர்மையாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து எல்-கள் கலந்துவிடும். அதைப் பிரிக்கும் கருவி ஹீல்பையில் இல்லை. விளிம்பை மழுக்கவும் கலப்பைத் திருத்தவும் நாமாஸ்டர் என்ற தனி நூலகம் வேண்டும். இரைச்சல் சார்பை (இரைச்சல் கூட்டும் போலித் திறனை) தவிர்க்க மட்டும் ஹீல்பையே போதும்: விண்கலப் பணியின் முதல் பாதி, இரண்டாம் பாதித் தரவுகளில் தனித்தனியே செய்த வரைபடங்கள் இரண்டையும் அனாஃபாஸ்ட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துக் குறுக்கு நிறமாலை எடுங்கள்.