செயலியின் அவசர பட்டன்: அழுத்திய பிறகு கேட்டில் என்ன நடக்கிறது?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடுகளையும் கேட் காவலரையும் இணைக்கும் செயலிகளில் விருந்தினர் அனுமதி, பார்சல், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் தினமும் கைபடுகிறவை. கோளாறு வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அவசர அலர்ட் அப்படியில்லை. மாதக்கணக்கில் யாரும் தொடாத பட்டன் அது; வேலை செய்யவில்லை என்பது தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தெரியவரும். நீண்ட நாள் புழக்கத்துக்குப் பிறகு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: அழுத்துகிறவர் பக்கம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது. ஓட்டை, செக்யூரிட்டி மேசையில் இருக்கும் போனில்.

முதலில் குடியிருப்பவர் பக்கம். பட்டனைத் தொட்டதும் மருத்துவம், தீ, லிஃப்ட், அத்துமீறல் என்று வகை கேட்கும். தவறுதலாகப் போகாமலிருக்க 2, 3 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லும், அல்லது சில விநாடிகள் எண்ணிக்காட்டி ரத்துசெய்ய இடம் கொடுக்கும். எண்ணி முடிவதற்குள் போனைப் பூட்டிப் பையில் போட்டால் சில செயலிகளில் அலர்ட் போகவே போகாது. ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வரும்வரை விடக்கூடாது. அதைவிட அதிகம் காலை வாருவது லாகின். செயலி தானாக வெளியேறியிருந்தால் மறுபடி எண் கொடுத்து, ஓடிபி வந்து, அதைப் போட்டு உள்ளே நுழைய வேண்டும். அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை. வாரம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பது இதற்காகத்தான். ஆண்ட்ராய்டு 11 முதல், பல மாதம் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளைப் போனே பறித்துவிடும். அந்தச் செயலியின் அமைப்பில் (செட்டிங்ஸ்) இதை அணைத்துவைக்கலாம்.

ஒரே போன் எண்ணில் இரண்டு வீடுகள் பதிவாகியிருந்தால், அப்போது எந்த வீடு தேர்வாகியிருக்கிறதோ அதன் பெயரில்தான் அலர்ட் போகும். வாடகைக்கு விட்ட வீட்டின் கணக்கைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தால், காவலர் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்.

இடம் பற்றிய சிக்கல் இதோடு நிற்பதில்லை. பெரும்பாலான செயலிகள் அனுப்புவது பதிவான வீட்டு எண்ணை. ஆள் நிற்கும் இடத்தை அல்ல. ஜிபிஎஸ் சேர்த்து அனுப்பினாலும் கட்டடத்துக்குள் எந்த மாடி என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. பூங்காவிலோ தரைக்கீழ் பார்க்கிங்கிலோ விழுந்தவருக்காக அலர்ட் கொடுத்தால், உடனே கேட்டுக்குப் போன் செய்து தூண் எண்ணையோ மாடியையோ வாயால் சொல்ல வேண்டும். பார்க்கிங்கிலும் லிஃப்டுக்குள்ளும் சிக்னலே இல்லாமல் போகலாம். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் செயலியைத் தேடாதீர்கள். உள்ளே இருக்கும் மணியையும் இன்டர்காமையும்தான் நம்ப வேண்டும்.

இப்போது கேட்டில் இருக்கும் போன். எங்கே கோளாறு வந்தாலும் இங்கேதான் முதலில் தேட வேண்டும். பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பில், அலர்ட்டைப் பெறும் காவலர் செயலியைக் ‘கட்டுப்பாடில்லை’ என்று மாற்றாவிட்டால், திரை அணைந்து சிறிது நேரத்தில் போன் அதை உறங்கவைத்துவிடலாம். சில தயாரிப்பாளர்களின் போன்களில் ‘தானாகத் தொடங்க அனுமதி’ என்று இன்னொன்று தனியாக ஒளிந்திருக்கும். அதையும் திறந்துவிட வேண்டும். யாராவது செயலியை ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்திருந்தால், மறுபடி கையால் திறக்கும்வரை எந்த அலர்ட்டும் வராது.

ஒலி அதைவிடச் சிக்கல். ஆண்ட்ராய்டு 8 முதல் நோட்டிஃபிகேஷன்கள் வகை வகையாகப் பிரிக்கப்படுகின்றன. விருந்தினர் அறிவிப்பு ஓயாமல் ஒலிக்கிறதே என்று காவலர் ஒரு வகையை மௌனமாக்கினால், செயலி தானாக அதைத் திரும்ப ஒலிக்கவைக்க முடியாது. அமைப்புக்குள் போய் அவசர வகை தனியாக இருக்கிறதா, அதன் ஒலி இயங்குகிறதா, ‘தொந்தரவு செய்யாதே’ நிலையையும் மீறி ஒலிக்க அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். அவசரத்தையும் பார்சலையும் ஒரே வகையில் போட்டிருக்கும் செயலியை நேரடியாகவே நிராகரிக்கலாம். அது வடிவமைப்புப் பிழை. ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும்போது நோட்டிஃபிகேஷன் அனுமதியைக் கேட்கும். ‘வேண்டாம்’ தொட்டால் முழு அமைதி. ஆண்ட்ராய்டு 14-ல், பூட்டிய திரையிலும் அலர்ட் முழுத்திரையாக எழுவதற்கான அனுமதியைத் தனியே கொடுக்க வேண்டியிருக்கலாம். போன் மாற்றும்போது பழையதில் செய்த அமைப்பு எதுவும் கூட வராது என்று எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

வைஃபையை மட்டும் நம்பியிருக்கும் கேட், மின்தடையில் ஊமையாகும். ரௌட்டருக்கு பேக்கப் வேண்டும், போனில் சிம் டேட்டாவும் வேண்டும். பகல் இரவு பாராமல் சார்ஜரிலேயே கிடக்கும் போனின் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் இயக்கிவையுங்கள். பின்மூடி எழும்பியிருந்தால் அந்தப் போனை உடனே மாற்றுங்கள்.

ஷிஃப்ட் மாறும் பொழுது இன்னொரு பலவீனம். பகல் காவலர் லாக்அவுட் செய்து, இரவுக் காவலர் உள்ளே நுழைவதற்கு இடைப்பட்ட நேரத்தில் அந்தப் போனுக்கு அலர்ட் வராமல் போகலாம். ஆளுக்கொரு கணக்கு என்பதைவிட ‘முதன்மை கேட்’ என்ற பெயரில் சாதனத்துக்கே ஒரு நிரந்தரக் கணக்கு வைப்பது மேல். சூப்பர்வைசர் போனையும் இரண்டாவது பெறுநராகச் சேர்த்துவிட வேண்டும்.

‘அனுப்பப்பட்டது’, ‘சென்றடைந்தது’, ‘ஏற்கப்பட்டது’ மூன்றும் ஒன்றல்ல. முதலாவது, சர்வருக்குப் போனது. இரண்டாவது, கேட் போனைத் தொட்டது. மூன்றாவது மட்டுமே ஒரு மனிதர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளம். நல்ல செயலியில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏற்கப்படாத அலர்ட் தானாக அடுத்தவருக்கு ஏறும். இணையம் வழியாக மட்டும் போகாமல் சாதாரண போன் அழைப்பாகவும் ஒலிக்கும். நம் அளவில் வைத்துக்கொள்ள வேண்டிய வரையறை: 30 விநாடியில் ‘ஏற்கப்பட்டது’ வராவிட்டால் இன்டர்காம். மருத்துவம், தீ என்றால் அதற்கும் காத்திராமல் ஆம்புலன்ஸையோ தீயணைப்பையோ முதலில் அழைப்பது. இதயம் நின்றவருக்கு 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளைச் சேதம் தொடங்கக்கூடும். காவலர் மேலே வந்து பார்த்துவிட்டு அழைக்கட்டும் என்று விடுவதற்கு அது போதாது. அந்த நேரத்தில் கேட் செய்ய வேண்டியது வேறு: தடுப்பைத் தூக்கிவைப்பது, ஒரு லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்துவைப்பது, வண்டியைச் சரியான பிளாக்குக்குக் கூட்டிவருவது.

அத்துமீறல் அலர்ட்டுக்குத் தனி நடைமுறை தேவை. அலர்ட் வந்ததும் காவலர் பழக்கத்தில் திருப்பி அழைப்பார். ஒளிந்திருப்பவரின் போன் கணீரென்று ஒலிக்கும். இந்த வகைக்கு மட்டும் ‘திருப்பி அழைக்காதே, இருவராகப் போ’ என்று கேட் மேசையில் எழுதி ஒட்ட வேண்டும்.

சோதனையைப் பகல் 11 மணிக்குச் செய்து திருப்திப்படுவதில் பயனில்லை. அதிகாலை 3 மணிக்கு, சூப்பர்வைசருக்கு மட்டும் சொல்லிவிட்டு, கேட் போன் ஒரு மணி நேரமாவது தொடாமல் கிடந்த பிறகு அனுப்ப வேண்டும். அழுத்திய நேரம், ஏற்கப்பட்ட நேரம், ஆள் வாசலுக்கு வந்த நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்பதில் தாமதம் என்றால் போன் அமைப்பைப் பாருங்கள். ஏற்ற பிறகு தாமதம் என்றால் ஆள் எண்ணிக்கையையும் ரோந்துப் பாதையையும் பாருங்கள். மாதம் ஒருமுறையும், கேட் போனிலோ செயலியிலோ அப்டேட் வந்த அன்றும் இதைச் செய்ய வேண்டும். காலி செய்து போனவர்களின் எண்களை நீக்குவதும் அதே நாளில் முடியட்டும். சிலர் வேறு ஊரிலிருந்து இன்னமும் உங்கள் பிளாக்கின் பெயரில் பட்டனை அழுத்த முடிகிற நிலையில் இருப்பார்கள்.