மூக்கோரப் புற்றுக்கு மோஸ் முறையா, வழக்கமான வெட்டா?

மூக்கின் ஓரத்தில் முத்துப்போல மினுங்கும் சின்ன மேடு, அதன்மேல் மெல்லிய ரத்த நாளங்கள், முகம் துடைத்தால் துளி ரத்தம், அப்புறம் பொருக்கு, ஆறியதுபோல் இருந்து மறுபடியும் ரத்தம். பேசல் செல் புற்று என்ற தோல் புற்று பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும், எனக்கும் அப்படியே. பயாப்சியில் உறுதியானதும், சுற்றியுள்ள நல்ல தோலோடு சேர்த்து ஒரேயடியாக வெட்டி எடுப்பதா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒவ்வொரு சுற்றிலும் ஓரத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் மோஸ் முறையா என்று கேட்டார்கள். நான் மோஸுக்குத்தான் போனேன். இன்று யார் கேட்டாலும், முகம் என்றால் அதையேதான் சொல்வேன்.

இரண்டுமே பொதுவாக அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வதுதான். வழக்கமான முறை சீக்கிரம் முடியும், எங்கும் கிடைக்கும். மோஸுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவரும் பக்கத்திலேயே லேபும் வேண்டும், நாளின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போகும்.

ஆனால் முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: வெட்டிய ஓரத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்? வழக்கமான முறையில் எடுத்த சதையை ரொட்டித் துண்டுகள்போல நறுக்கி, சில துண்டுகளை மட்டும் பார்க்கிறார்கள். அதில் கண்ணில் படுவது மொத்த ஓரத்தில் 1 சதவீதம்கூட இல்லை. இந்தப் புற்றோ வெளியே நல்லதாகத் தெரியும் தோலுக்கு அடியில் வேர் விட்டு ஓடும். மோஸில் சதையைத் தட்டுப்போலச் சரிவாக வெட்டி, சாயம் தொட்டு அடையாளம் வைத்து, உறையவைத்து, அடிப்பக்கமும் ஓரமும் முழுதாகத் தெரியும்படி சீவிப் பார்க்கிறார்கள். எனக்கு முதல் சுற்றில் முடியவில்லை. மருத்துவர் வரைபடத்தில் நாசி மடிப்புப் பக்கம் சிவப்பாகக் குறித்துக் காட்டினார், அடுத்த சுற்றில் அங்கே மட்டும் கொஞ்சம் எடுத்தார். ஓரம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் புண்ணை மூடினார்கள். இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் பக்கத்துத் தோலை நகர்த்தித் தைத்துவிட்ட பிறகு 'ஓரத்தில் இன்னும் இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தால், அந்த ஓரம் எங்கே போனது என்று தேடுவதே பெரும்பாடு.

நெதர்லாந்தில் முகத்துக் கட்டிகளை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்த கட்டிகளில், 10 ஆண்டுகளில் மறுபடி வந்தது மோஸில் 3.9 சதவீதம், வழக்கமான முறையில் 13.5. முதல்முறை வந்தவற்றில் 4.4க்கு 12.2, ஆனால் அந்த வித்தியாசம் புள்ளிவிவரப்படி உறுதியாகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதுகிலோ கையிலோ 2 செ.மீ.க்குக் குறைவாக, எல்லை தெளிவாக இருந்தால் 4 மி.மீ. நல்ல தோலோடு வெட்டினாலே பெரும்பாலும் போதும், மோஸ் தேவையில்லை.

என் அனுபவம் பேசல் செல்லோடு சரி. அது அபூர்வமாகத்தான் பரவும் என்பதால் ஸ்டேஜ் பற்றிய பேச்சே பெரிதாக எழவில்லை. தோலின் நிறமிச் செல்களில் வரும் மெலனோமா புற்று வேறு கதை, அங்கே எவ்வளவு ஆழம் என்பதுதான் எல்லாம்: 1 மி.மீ. வரை என்றால் 1 செ.மீ. விட்டு வெட்டுவார்கள், 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ., தேவைப்பட்டால் நிணநீர் முடிச்சையும் சோதிப்பார்கள். தோலுக்கு அடியில் ஆழமாக, 5 செ.மீ.க்கு மேல் வளரும் கட்டி என்றால் சார்கோமாவாக (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்று) இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யும் ஊசி பயாப்சியும் எடுக்காமல் அதைக் கொழுப்புக்கட்டி என்று யாரையும் தோண்டி எடுக்க விடாதீர்கள்.