மனம் வராத நாளும் வறண்ட பெல்ட்டும்: நான்கு வருட ட்ரெட்மில் அனுபவம்

மோட்டாரை இயக்கும் கன்ட்ரோல் போர்டை மாற்றி, ட்ரெட்மில் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. "வீட்டிலேயே ட்ரெட்மில் இருந்தால் சோம்பல் வராதே, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டதற்கு இப்போது பதில் சொல்வதுதான் சரி. ஹெச்பி, வேகம், மடிப்பு எல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாத விஷயம் பெல்ட்டுக்கு அடியில் இருக்கிறது.

பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே சிலிக்கான் ஆயில் வற்றிவிட்டால், பாதம் பதியும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் பிடித்து, பிறகு வெடுக்கென்று நகரும். வேகம் 4 கிலோமீட்டர்தான் இருக்கும். மணலில் நடப்பதுபோல் கால் கடுக்கும். சூடான ரப்பர் வாடையும் வரும். உற்சாகமான நாளில் இதெல்லாம் தெரியாது. மனம் வராத நாளிலோ, மூன்றாவது நிமிடமே இறங்கிவிடலாம் என்று தோன்றும். உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொள்வோம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பெல்ட்தான் காய்ந்திருக்கிறது.

சோதிப்பது சுலபம். பிளக்கை உருவிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, நடுப்பகுதி வரை கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் பசை இருப்பதை நம்ப வேண்டாம். பாதம் விழும் இடம்தான் முதலில் காயும். விரலில் வழுவழுப்பு ஒட்டவில்லையென்றால் பக்கத்துக்கு 10 முதல் 15 மில்லி, டியூபை உள்ளே நீட்டி, முன்பாதியில் வளைத்து வளைத்து விட வேண்டும். பிறகு ஆள் ஏறாமல் மூன்று நான்கு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது, பெல்ட்டையே கெடுத்துவிடும். சிலிக்கான் ஆயிலே ஆனாலும் அளவு மீறினால் பெல்ட் ரோலரில் வழுக்கும், தூசி சேர்ந்து கரும்பசையாகும். மெழுகு பூசிய பலகை, ஆயில் வேண்டாம் என்று மேனுவலில் இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

காய்ந்த பெல்ட்டை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும். அந்தச் சுமை போர்டில்தான் போய் இறங்கும். எடை கூடியவர் மிக மெதுவாக நடந்தால் இன்னும் மோசம்: பல வீட்டு மெஷின்களில் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில் இருப்பதால், சுற்று குறையும்போது காற்றும் குறையும். டெலிவரிக்கு வந்தவர்களோ, சர்வீஸ் ஒப்பந்தம் விற்கக் கூப்பிட்டவர்களோ இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒரு சின்ன பாட்டிலைப் பெட்டிக்குள் போட்டதோடு சரி. மேனுவலில் எழுதியிருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் போர்டு விலையில் வருடக்கணக்கில் ஆயில் வாங்கியிருக்கலாமே என்று வயிறு எரிகிறது.

பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால், மெஷின் மெதுவாக ஓடும்போதே பின்னால் உள்ள இடது போல்ட்டை ஆலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் வலது போல்ட். சட்டை நுனி, முந்தானை, தலைமுடி எதுவும் ரோலர் பக்கம் தொங்கக் கூடாது.

மடக்கி வைக்கவே வேண்டாம். மடிப்பு வசதிக்குத்தான் காசு கொடுக்கிறோம், அதுதான் நடையைக் கெடுக்கிறது. விரிக்கணும், 16 ஆம்பியர் பிளக் வரை வயர் எட்டணும், செருகினால்தான் மெஷின் ஓடும் காந்தச் சாவியைத் தேடணும். மனம் வராத நாளில் இத்தனை வேலையைத் தாண்டி யாரும் ஏற மாட்டார்கள். விரித்தபடி கிடக்கட்டும், ஷூவும் அதன் மேலேயே இருக்கட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிளக்கையும் சாவியையும் எடுத்து, சாவியைக் கை எட்டாத உயரத்தில் ஒரே ஆணியில் மாட்டுங்கள்.

ஏறிவிட்டால் 3.5 கிலோமீட்டர் வேகம், ஐந்து நிமிடம், அதன் பிறகு இறங்க முழு உரிமை உண்டு. டிஸ்பிளே மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். இந்த மாதிரி நாளில் விநாடிகளைப் பார்த்தால் நகரவே நகராது. மூன்று நான்கு பாட்டு ஓடி முடிந்து துண்டை விலக்கினால் பெரும்பாலும் 15 தாண்டியிருக்கும். ஐந்திலேயே இறங்கினாலும் வீணில்லை. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் பூங்காவெல்லாம் சேறாகும்போது இந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடே கிடையாது. வாங்கியதில் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். போர்டு பில் இன்னும் மேஜை மேலேயே கிடக்கிறது. மழைக்காலத்தில் கேட்டிருந்தால் உடனே வாங்கச் சொல்லியிருப்பேன். வாங்கியே தீருவேன் என்றால் மெஷினோடு இரண்டு பாட்டில் சிலிக்கான் ஆயிலையும் பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள்.