ஒரு நாள் கையில் இருந்தால் ஹ்ராஸ்தோவ்லியேவா, ஷ்டான்யெலா?

ஸ்லோவேனியாவின் தென்மேற்கு மூலையில் இந்த இரண்டு சிற்றூர்களுக்கும் ஒரே நாளில் போனேன். முதலாவதில் ஒரு மணி நேரம், இரண்டாவதில் மீதிப் பகல் முழுக்க. அதிலேயே நான் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். இரண்டும் கல் ஊர்கள், இரண்டும் அழகு, அதில் சண்டையில்லை.

ஹ்ராஸ்தோவ்லியே என்றால் அதன் திரித்துவ தேவாலயம்தான். துருக்கியருக்கு அஞ்சி 16ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். உள்ளே சுவர், கூரை எல்லாம் கஸ்தாவ் ஊரைச் சேர்ந்த யான் என்ற ஓவியர் 1490இல் முடித்த ஓவியங்கள். 11 எலும்புக்கூடுகள் 11 பேரைக் கைப்பிடித்துக் குழிக்கு அழைத்துப் போகின்றன. போப்பும் ராஜாவும் குழந்தையும் ஒரே வரிசை. பணக்காரர் ஒருவர் மட்டும் பணப்பையை நீட்டி பேரம் பேசிப் பார்க்கிறார்! பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த இவற்றை 1949இல் கண்டெடுத்தவர், இதே ஊரில் பிறந்த சிற்பி யோஜே போலென். அந்தச் சுவருக்கு முன் நின்றால் வேறு எதுவும் தோன்றாது. ஆனால் வெளியே வந்ததும் எனக்கு ஊர் முடிந்துவிட்டது. நான் அவசரப்பட்டிருக்கலாம், ஒரு மணி நேரத்தில் ஓர் ஊரை எடை போடுவது நியாயமில்லைதான்.

ஷ்டான்யெலில் இப்படி ஒரே ஓர் அதிசயம் கிடையாது. எலுமிச்சம்பழ வடிவ உச்சி கொண்ட புனித தானியேல் கோபுரம், இரண்டாம் உலகப் போரில் எரிந்து பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகச் சீரமைக்கப்பட்ட கோட்டை, அதற்குள் லோய்ஸே ஸ்பாட்சாலின் ஓவியக்கூடம். சரி, இவை எல்லாவற்றையும் அரை மணியில் பார்த்துவிடலாம். என்னைப் பிடித்து நிறுத்தியது தண்ணீர்.

இது கார்ஸ்ட் எனப்படும் சுண்ணாம்புப் பாறை நிலம். உலகெங்கும் புவியியலாளர்கள் சொல்லும் அந்தப் பெயரே இங்கிருந்து போனதுதான். பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை அப்படியே உறிஞ்சி உள்ளே விட்டுவிடும். மேலே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. அதனால் வீடே நீர்ப்பிடிப்புப் பகுதி. பலகைக் கல் வேய்ந்த கூரை, அதன் விளிம்பில் கல்லைக் குடைந்து செய்த வாய்க்கால், அதிலிருந்து தொட்டி. கூரை எதற்கு இவ்வளவு கனம் என்று முதலில் வியந்தேன். இது தெரிந்த பிறகு ஒவ்வொரு வீட்டையும் அண்ணாந்து, வாய்க்கால் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டே நடந்தேன்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் கட்டடக் கலைஞர் மாக்ஸ் ஃபாபியானி. 1865இல் பக்கத்துக் கோப்தில் ஊரில் பிறந்தவர். வியன்னாவின் உரானியா கட்டடம் இவருடையது. இரு போர்களுக்கு இடையே ஊர் திரும்பி ஷ்டான்யெலுக்கு மேயராகவும் இருந்தார். தன் உறவினரான ஃபெர்ராரிக்காகச் சரிவில் படிப்படியாகத் தோட்டம் அமைத்தார். நடுவே நீள்வட்டக் குளம், குட்டிக் கல்பாலம். பார்க்க அலங்காரம், ஆனால் மழைநீரைச் சேமித்துத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதி அது. துளி நீர் நிற்காத நிலத்தில் குளம் வெட்டும் துணிச்சலை நினைத்து அதன் கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் போனது கோடையில். மழை நாளில் அந்தக் கல் வாய்க்கால்கள் எப்படி ஓடும் என்று பார்க்கவில்லை. அப்புறம், ரயிலில் வருபவர்கள் கவனிக்க: நிலையம் கீழே கோப்திலில், அங்கிருந்து ஏற்றம்தான். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.