கம்ப்யூட்டரில் காட்டாத ஹார்ட் டிஸ்க்: பழுதுபார்ப்பதா, முதலில் நகலெடுப்பதா?

அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊரான செங்கோட்டை, 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. எங்கள் வீட்டு நிலப் பத்திரங்களில் பழையவை மலையாள எழுத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். அவற்றை ஸ்கேன் செய்து, குடும்பப் படங்களோடு சேர்த்து 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தேன். சாரல் காலத்தில் ஒரு மாலை மின்சாரம் போய் வந்தபின், அதில் இருந்த எதுவும் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. அக்காள் மகன் "செக்டிஸ்க் ஓட்டிவிடலாம், மாமா" என்றான்; டிஸ்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி அது. கடைக்காரர் ஒருவர், ஃபார்மட் செய்துவிட்டு மென்பொருள் வைத்து மீட்டுத் தருவதாகச் சொன்னார். நான் இரண்டையும் ஏற்கவில்லை. டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாத வழிகள் தீரும்வரை, எழுதும் வழி எதையும் தொடக்கூடாது என்பதே இந்த ஒப்பீட்டில் என் அளவுகோல்.

செலவும் ஆபத்தும் இல்லாதது இணைப்பைச் சோதிப்பது. 2.5 அங்குல டிஸ்குகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை யுஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட் தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டில் அது 900. நைந்த கேபிளிலோ, தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலோ செருகினால் விளக்கு எரியும், ஆனால் தட்டு சுழலாமல் போகலாம். ஆகவே வேறு கேபிளில், கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். பிறகு, இணைந்துள்ள டிஸ்குகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்கலாம். பகிர்வு (டிஸ்கின் பார்ட்டிஷன்) நலமாக இருந்து, D, E போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், ஓர் எழுத்தைக் கொடுத்தாலே வேலை முடிந்தது. மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால் விண்டோஸ் அதைப் படிக்காதது கோளாறே அல்ல. இனிஷியலைஸ் (புது டிஸ்காகத் தயார்) செய்யட்டுமா என்றோ, ஃபார்மட் செய்யட்டுமா என்றோ திரையில் கேள்வி வந்தால் இரண்டுக்கும் மறுத்துவிட வேண்டும்.

என் டிஸ்க் "ரா" (RAW) என்று காட்டியது; அதாவது கோப்புகள் அடுக்கப்பட்ட முறையை (கோப்பு முறைமை) விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை. போட்டி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. செக்டிஸ்க் விரைவானது, விண்டோஸிலேயே இருப்பது, சாதாரணமான கோப்பு முறைமைப் பிழைகளை நன்றாகவே சரிசெய்வது. ஆனால் அது திருத்தங்களை அந்த டிஸ்கிலேயே எழுதுகிறது. படிக்க முடியாத பகுதிகள் பெருகிவரும் டிஸ்கில் கோப்புகளின் பதிவுகளையே நீக்கிவிடக்கூடும், அப்படிப் போனபின் திரும்பிவர வழியில்லை. பல இடங்களில் ரா நிலையில் அது ஓடவே மறுக்கும் என்பது ஒரு வகையில் நல்லதுதான். இதற்கு மாறாக, லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள், பழுதான டிஸ்கைப் படிக்க மட்டுமே செய்து, முழு உள்ளடக்கத்தையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுக்கிறது. எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் திரும்புகிறது. எதுவரை எடுத்தது என்பதை மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊர் மழைக்காலத்தில் இந்த ஒரு வசதிக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் குறை, பழுதான டிஸ்கின் அளவுக்குக் குறையாத இன்னொரு டிஸ்கும் பொறுமையும் தேவை என்பது. மூலத்தையும் நகலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், கட்டளையை இருமுறை படித்தபின்பே என்டர் தட்ட வேண்டும்.

எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. அதன்பின், தொலைந்த பகிர்வுகளை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் (TestDisk) என்ற மென்பொருளை நகலின்மீது ஓட்டினேன். கோப்புறைகள் பழைய பெயர்களோடு தெரிந்தன. அதனுடன் வரும் ஃபோட்டோரெக் (PhotoRec) மென்பொருளைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது கோப்புகளை அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு தேடி எடுப்பதால் பெயரும் கோப்புறையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கல்யாணப் படங்களுக்கு அது போதும். சர்வே எண்ணைப் பெயராக வைத்த நூற்றுக்கணக்கான பத்திரங்களுக்குப் போதாது.

மேலுறையைக் கழற்றி, கம்ப்யூட்டருக்குள் டிஸ்குகளை இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக இணைப்பதும் ஒரு வழி. டிஸ்கை யுஎஸ்பியோடு இணைக்கும் இடைப்பலகையில் மட்டும் பழுது இருந்தால் அது பலிக்கும். சில டிஸ்குகளில் யுஎஸ்பி இணைப்பு டிஸ்கின் மூலப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் தரவைப் பூட்டும் சில்லு இடைப்பலகையில் இருக்கும். அவற்றைக் கழற்றுவதால் பயனில்லை.

டிஸ்கிலிருந்து "டிக் டிக்" என்ற சத்தம் வந்தால் இவை எதுவும் பொருந்தாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஃபிரீசரில் வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம். தெருக்கடையில் மூடியைத் திறந்தால் விழும் தூசி, தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைவிடப் பெரியது. அதே மாடல் டிஸ்கின் மூலப்பலகையை மாற்றிப்போட்டாலும் பெரும்பாலும் இயங்காது, ஏனெனில் அந்தந்த டிஸ்குக்குரிய அளவீடுகள் அதனதன் பலகையிலுள்ள ரோம் (ROM) என்ற நிலைநினைவகச் சில்லில் இருக்கின்றன. தூசியில்லாத தூய அறை வசதியுள்ள மீட்பு ஆய்வகம் செலவு மிக்கதுதான், ஆனால் இந்த நிலையில் அதற்கு ஈடான வேறு வழியில்லை. எங்களுக்கு மதுரையைவிடத் திருவனந்தபுரம் கிட்டம். கூரியரில் போட மனமில்லாதவர்கள், டிஸ்கைக் குமிழ் உறையில் சுற்றி, ஆரியங்காவு வழியாகக் கையோடு கொண்டு போகலாம். எதற்கு எவ்வளவு கட்டணம், தரவு கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதை டிஸ்கை ஒப்படைக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.