புது நண்பரின் லெவலை ஏற்ற: இழுத்துப் போவதா, இறங்கி வருவதா?

நண்பர் ஒருவர் நாம் ஆடும், பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமை இன்ஸ்டால் செய்துவிட்டு, "வந்துட்டேன், உன் லெவலுக்கு வர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டால், வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும் யாருக்கும் கை துறுதுறுக்கும். நம்மிடம் உச்ச லெவல் கேரக்டர் இருக்கிறது, பெட்டி நிறையத் தங்கம் இருக்கிறது, எந்த டஞ்சனில் (எதிரிகள் நிறைந்த நிலவறையில்) எந்தத் திருப்பத்தில் எது நிற்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் உதவ நான்கைந்து வழிகள் இருக்கின்றன. மணிக்கு எவ்வளவு எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி) வருகிறது என்பதை மட்டும் வைத்து அவற்றை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். நண்பர் நம் பக்கத்தில் வந்து நிற்கும் நாளில் அவருக்கு ஆடத் தெரிந்திருக்க வேண்டும், ஆடப் பிடித்தும் இருக்க வேண்டும். அதையும் தட்டில் வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

எந்த வழியில் இறங்கும் முன்னும் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் கேம் எக்ஸ்பியை எப்படிப் பங்கிடுகிறது? வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் பார்ட்டியில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், இருப்பவர்களின் லெவல் விகிதப்படி பங்கு பிரியும். நீங்கள் 60, நண்பர் 20 என்றால், மொத்தம் 80இல் அவர் பங்கு 20, அதாவது கால்வாசி. முக்கால்வாசி உங்கள் கணக்கில் போகிறது. உச்ச லெவலில் இருப்பதால் அதனால் உங்களுக்கும் பயனில்லை. கில்ட் வார்ஸ் 2இல் கதை தலைகீழ். அடியில் உருப்படியாகப் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் முழு எக்ஸ்பி கிடைக்கும், கூட்டம் சேர்ந்தால் குறையாது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் பங்கு என்ற பேச்சே இல்லை. தன் கையால் கொடுத்த அடிக்குத்தான் சண்டைத் திறன் ஏறும். இந்த மூன்று கேமிலும் ஒரே மாதிரி உதவி செய்யப் போனால் இரண்டில் நேரம்தான் வீண்.

இழுத்துப் போவது

இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பழைய வழியும்கூட. 1999இல் வந்த எவர்க்வெஸ்ட்டிலேயே பெரிய லெவல் ட்ரூயிட்கள் (இயற்கை மந்திரவாதிகள்) புதியவர் மேல் முள் மந்திரம் போட்டுவிட்டு ஓரமாக நிற்பார்கள். அவரை அடிக்கும் மிருகம் தானே காயம்பட்டுச் சாகும். ஃபைனல் ஃபேண்டசி 11இல் பெரிய லெவல்காரர் பார்ட்டிக்குள் வந்தால் எல்லோருக்கும் எக்ஸ்பி சரிந்துவிடும் என்பதால், பார்ட்டிக்கு வெளியே நின்று காயம் ஆற்றும் ஹீல் மட்டும் போட்டு ஏற்றிவிடுவார்கள். கிளாசிக்கில் மந்திரவாதியான மேஜ்தான் ராஜா. டஞ்சனில் இருக்கும் அத்தனை மாப்களையும், அதாவது எதிரிகளையும், வால் மாதிரிப் பின்னால் இழுத்து வந்து, பனியில் உறைய வைத்து, ஒரே இடத்தில் பனிப்புயல் பொழிந்து முடித்துவிடலாம்.

வேகத்தில் இதோடு போட்டிபோட ஆள் கிடையாது. பங்கு கால்வாசிதான் என்றாலும், ஒரே தடவையில் முப்பது நாற்பது மாப் விழும்போது அது பெரிய தொகை. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முறைக்கு மேல் புதிதாக டஞ்சனுக்குள் போக முடியாது என்ற தடை வேறு இருக்கிறது. அந்தத் தடையில் முட்டும் அளவுக்கு வேகம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வேகத்தில் என்ன தொலைகிறது என்பதை வாரியர் (போர்வீரர்) கேரக்டர் ஆடிய ஒரு நண்பரிடம் பார்த்தேன். ஸ்டாக்கேட், ஸ்கார்லெட் மொனாஸ்டரி, ஸுல்ஃபராக் என்று டஞ்சன் டஞ்சனாக வரிசையாக இழுத்துப் போய் அவரை 45க்குக் கொண்டுவந்தேன். அவர் எக்ஸ்பி எட்டும் தூரத்தில் நிற்பார், பொருள் பொறுக்குவார், பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் ஒரு நாள் தெரியாத நான்கு பேரோடு டேங்காக, எதிரிகளின் அடியைத் தாங்கும் ஆளாக, போனார். முதல் கூட்டத்தை அடித்ததும் திரையில் வந்தது: மிஸ். மிஸ். மிஸ். கிளாசிக்கில் ஆயுதத் திறன் லெவலோடு தானாக ஏறாது. அடித்து அடித்துத்தான் ஏறும், உச்சம் லெவலைப் போல ஐந்து மடங்கு. அவர் வாள் திறன் 225 இருந்திருக்க வேண்டும், 50கூட இல்லை. ஹீலர் பக்கம் ஓடிய மாப்பைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார், அதற்கான டான்ட் பொத்தானே இல்லை. தற்காப்பு நிலையான டிஃபென்சிவ் ஸ்டான்ஸும் டான்ட்டும் பத்தாவது லெவலில் வரும் வாரியர் குவெஸ்ட்டை (கேம் தரும் பணியை) முடித்தால்தான் கிடைக்கும். அந்தக் குவெஸ்ட்டை "அப்புறம் பார்த்துக்கலாம், வா டஞ்சனுக்கு" என்று தள்ளிப்போட வைத்தது நான்தான். ஹீலர் செத்தார், மற்றவர்கள் செத்தார்கள், யாரோ ஒரு வரி திட்டிவிட்டு வெளியேறினார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் லாகினே ஆகவில்லை. அந்த ஒரு வாரம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பறக்கும் பாதைகளும் அவருக்குத் திறந்திருக்கவில்லை. நடந்து போகாத ஊருக்குப் பறக்க முடியாதே! 45ஆவது லெவல் ஆள், ஒவ்வொரு ஊருக்கும் முதல் முறையாக நடந்துகொண்டிருந்தார்.

அதனால் என் தீர்ப்பு: இழுத்துப் போவது இரண்டாவது கேரக்டருக்கு அருமையான வழி. அதே கேமில் ஏற்கெனவே ஒரு முறை ஏறி வந்தவருக்கு வழி தெரியும், அவசரம்தான் தேவை. முதல் கேரக்டருக்கு வேண்டாம். ஏதோ ஒரு லெவலில் நண்பர் சலித்துப்போய் மாட்டிக்கொண்டிருந்தால், அங்கே மட்டும் ஒரு மாலை தோள் கொடுக்கலாம்.

கீழே இறங்கி வருவது

இதற்கு நேர் எதிர், நம் லெவலைக் குறைத்துக்கொண்டு நண்பர் பக்கத்தில் போய் நிற்பது. இந்த யோசனைக்கு இரண்டு வடிவங்கள் பழைய கேம்களிலேயே வந்துவிட்டன. சிட்டி ஆஃப் ஹீரோஸில் சைட்கிக் என்ற ஏற்பாடு சின்ன லெவல்காரரைத் தூக்கி நம்மை ஒட்டிய லெவலில் நிறுத்தும். எவர்க்வெஸ்ட் 2இல் மென்டர் ஏற்பாடு பெரியவரைக் கீழே இறக்கும். தூக்கிவிடுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் புதியவர் கையில் அப்போதும் அவருடைய மூன்று நான்கு பவர்கள்தான் இருக்கும். பெரிய எதிரி முன்னால் நிற்கலாம், செய்ய அதிகம் இருக்காது. இறங்கி வரும்போது சண்டை நண்பருடைய அளவில் நடக்கிறது. அதனால் இரண்டில் எனக்கு இறங்குவதுதான் பிடிக்கும்.

பின்னால் வந்த கேம்களும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஃபைனல் ஃபேண்டசி 11இல் லெவலை ஒத்துப்போகச் செய்யும் லெவல் சிங்க் 2008இல் வந்தது. கில்ட் வார்ஸ் 2இல் 2012 முதலே நீங்கள் எந்தப் பகுதிக்குள் போகிறீர்களோ அதன் லெவலுக்குத் தானாக இறக்கிவிடும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016இல் ஒன் டாம்ரியல் மாற்றத்தோடு, யாரும் யாரோடும் எங்கும் போகலாம் என்று ஆக்கிவிட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2019இல் பார்ட்டி சிங்க் வந்தது; லெவலோடு, இருவரும் குவெஸ்ட்டில் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் அது ஒத்துப்போகச் செய்கிறது. "நான் அந்தக் குவெஸ்ட்டை எப்போதோ முடித்தாயிற்று, நீ மட்டும் செய்" என்று பக்கத்தில் சும்மா நிற்க வேண்டிய தொல்லை தீர்ந்தது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இறங்கி வந்தாலும் நம் கியரும் (ஆயுதம், கவசம்) பழக்கமும் முழுதாக இறங்குவதில்லை. கில்ட் வார்ஸ் 2இல் 80ஆவது லெவல் ஆள் 15ஆவது லெவல் பகுதியில் கை வீசினாலே மாப் விழுந்துவிடும். நண்பர் கத்தியை ஓங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவர் போதுமான அடி கொடுக்காவிட்டால் அவருக்குப் பங்கும் கிடையாது. அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். முதல் அடி எப்போதும் நண்பருடையது. அவர் அடித்த பிறகு நான் ஹீல், கவசம், வேகம் என்று பக்க வேலை பார்ப்பேன். என் பெரிய பொத்தான்கள் அவர் சாகப்போகும்போது மட்டும்தான்.

மணிக்கு வரும் எக்ஸ்பியில் இது இழுத்துப் போவதிடம் தோற்கும். ஆனால் தனியாக ஆடுவதைவிட வேகமாகத்தான் போகும். சாவு குறையும், வழி தேடும் நேரம் மிச்சமாகும், இரண்டு பேர் வேண்டிய குவெஸ்ட்டுகளை விடாமல் எடுக்கலாம்.

பக்கத்திலேயே புதிதாகத் தொடங்குவது

நேரம் இருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். நீங்களும் ஒன்றாவது லெவலில் ஒரு கேரக்டர் உருவாக்குங்கள். டேங்க் வேண்டுமென்றால் நண்பர் டேங்க், நீங்கள் ஹீலர். ஒருவருக்கொருவர் தேவைப்படும் ஜோடியாக இருந்தால் இரண்டு பேருமே வேகமாக ஏறுவீர்கள். கிளாசிக் மாதிரிப் பங்கு பிரிக்கும் கேமில் இருவரும் ஒரே லெவல் என்பதால் சரிபாதி கிடைக்கும், மாப் விழும் வேகமோ இரட்டிப்பாகும்.

ஃபைனல் ஃபேண்டசி 14இல் இதற்குப் புதுக் கேரக்டர்கூட வேண்டாம். ஒரே கேரக்டர் எல்லா ஜாப்களையும், அதாவது சண்டை வேலைகளையும், எடுக்கலாம். நீங்கள் தொடாத ஜாப்பை எடுத்து நண்பர் லெவலில் நின்றுகொள்ளலாம். ஆனால் அந்தக் கேமில் புதியவருக்குத் தடை லெவல் கிடையாது, கதைதான். முக்கியக் கதையை நகர்த்தினால்தான் டஞ்சன்களும் ஊர்களும் திறக்கும். அந்தக் கதை கொடுக்கும் எக்ஸ்பியே ஒரு ஜாப்புக்குத் தாராளம். ஆக அங்கே எக்ஸ்பியை அள்ளிக் கொடுப்பதைவிட, கதை டஞ்சன் வரும்போதெல்லாம் உடன் போவதுதான் பெரிய உதவி. முதல் முறை வரும் ஆள் பார்ட்டியில் இருந்தால் மற்றவர்களுக்கும் போனஸ் உண்டு, அதனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஹால் ஆஃப் தி நாவிஸ் பயிற்சிகளை முதலிலேயே முடிக்கச் சொல்லுங்கள். அங்கே கிடைக்கும் மோதிரம் 30ஆவது லெவல் வரை எக்ஸ்பியை 30 சதவீதம் கூட்டும், கூடவே டேங்க், ஹீலர் வேலையும் கற்றுக்கொடுத்துவிடும்.

இந்த வழியின் சிக்கல் வேகம் ஒத்துப்போகாதது. ஒருவர் தினமும் மூன்று மணி நேரம், இன்னொருவர் சனிக்கிழமை மட்டும் என்றால் பத்து நாளில் இடைவெளி விழும். அந்தக் கேரக்டரை நண்பர் இல்லாதபோது தொடுவதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். அது கடினமான விரதம், ஆனால் பலன் உண்டு.

பொருள், தங்கம், தகவல்

பொருள் கொடுப்பது எளிது என்று தோன்றும், ஆனால் நல்ல பொருள் பாதிக்கு மேல் கைமாற்றவே முடியாதது. வார்கிராஃப்ட்டின் எய்ர்லூம் கியர் உங்கள் அக்கவுண்டுக்குள் மட்டும்தான். கில்ட் வார்ஸ் 2இன் டோம் ஆஃப் நாலெட்ஜ், படித்தால் ஒரு லெவல் ஏறும் புத்தகம், அதுவும் அப்படியே. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் நிலைமை பரவாயில்லை. டிரெய்னிங் தன்மையோடு கியர் செய்து கொடுத்தால் நண்பர் மாப் கொல்லும்போது எக்ஸ்பி கூடுதலாக வரும். மாரா சன்னிதியில் இரண்டு கேரக்டர்கள் உறுதிமொழி எடுத்து மோதிரம் போட்டுக்கொண்டால், ஒரே குழுவில் அருகருகே ஆடும்போது இருவருக்கும் 10 சதவீதம் கூடுதல். இந்த மோதிரம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: சேர்ந்து ஆடினால்தான் வேலை செய்கிறது.

அதே கேமில் ஒரு எச்சரிக்கை. அலிக்ர் பாலைவனத்தில் கூட்டமாக டால்மென் என்ற, எதிரிகள் வந்திறங்கும் இடங்களைச் சுற்றி லெவலை வேகமாக ஏற்றலாம். ஆனால் திறன்களை வாங்க உதவும் ஸ்கில் பாயின்ட்டுகளில் பெரும்பங்கு குவெஸ்ட்டிலும், மூன்று சேர்த்தால் ஒரு பாயின்ட் தரும் ஸ்கைஷார்ட் துண்டுகளிலும்தான் இருக்கிறது. டால்மெனிலேயே 50 தொட்டவர் கையில் லெவல் இருக்கும், போதுமான பாயின்ட் இருக்காது.

ரூன்ஸ்கேப்பில் தகவல்தான் மிகப் பெரிய பரிசு. வாட்டர்ஃபால் குவெஸ்ட்டை முடித்தால் அட்டாக், ஸ்ட்ரெங்த் இரண்டிலும் தலா 13,750 எக்ஸ்பி. ஒன்றாவது லெவலில் இருப்பவர் இரண்டிலும் நேராக 30க்குத் தாவுவார். யாரையும் கொல்லத் தேவையில்லை. ஆனால் வழியில் வரும் கல்லறைக்குள் ஆயுதம், கவசம் எதுவும் கொண்டுபோக முடியாது, உள்ளே மாஸ் ஜெயன்ட்கள் சுற்றும், அருவிக் குகையில் 86ஆவது லெவல் ஃபயர் ஜெயன்ட்கள். கயிறு, சாப்பாடு, காற்று, நீர், மண் ரூன்கள் (மந்திரக் கற்கள்) தலா ஆறு என்று பட்டியல் போட்டுக் கொடுத்து, "நிற்காதே, ஓடு" என்று சாட்டில் சொல்லிக்கொண்டே கூட வந்தால் போதும். தங்கம் கொட்டிக் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது.

காசு கொடுத்து ஏறுவது

கேம் நிறுவனமே விற்கும் பூஸ்ட் விதிக்கு உட்பட்டது. வார்கிராஃப்ட்டில் 2014இல் நேராக 90ஆவது லெவலுக்கு ஏற்றும் பூஸ்ட் வந்தது. முதல் கேரக்டருக்கு வாங்கினால், முன்பின் பார்க்காத முப்பது பொத்தான்கள் ஒரே நாளில் கண்முன் வரும். அவ்வளவுதான் அதைப் பற்றி. வெளியாளிடம் அக்கவுண்ட் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏற்றச் சொல்வது வேறு; அது விதிமீறல், அக்கவுண்டே பறிபோகலாம். நண்பர் நம்மிடம் பாஸ்வேர்ட் தந்தாலும் வாங்காதீர்கள்.

என் வாரியர் நண்பருக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து வந்தவர், அந்த 45ஆவது லெவலை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு வாரியர் தொடங்கினார், இந்த முறை மனித இனக் கேரக்டர். நான் பக்கத்தில் ஹீல் போடும் ஒரு பிரீஸ்ட் தொடங்கினேன். பத்தாவது லெவலில் நேராக ஸ்டார்ம்விண்ட் நகரத்துச் சத்திரத்துக்குப் போய், குவெஸ்ட் சொன்னபடி பார்ட்டில்பி என்ற குடிகாரரை அடித்து வீழ்த்தி, கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில நாள் கழித்து டெட்மைன்ஸ் டஞ்சனில் ஒரு மாப் என் மேல் பாய்ந்தது. நான் ஓட ஆரம்பிப்பதற்குள் அது நின்று, திரும்பி, அவரைப் பார்த்து ஓடியது. "டான்ட் போட்டேன், பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன்.